‘ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று தாள் வந்திருக்கிறது: நான் இனி ரத்தம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள், இடையில் ஒருமுறை கரு கலைந்துவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளாக விட்டுவிட்டு ரத்ததானம் செய்து வருகிறேன். சென்ற மாதம் பிளாஸ்மாவும் தட்டணுக்களும் தனியாகக் கொடுப்பதற்குப் பெயர் பதிந்தேன். சோதனைக்குப் பிறகு, ‘எச்எல்ஏ ஆன்டிபாடி பாசிட்டிவ். பிளாஸ்மா, தட்டணு கொடுக்க வேண்டாம். முழு ரத்தம் கொடுக்கலாம்’ என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். எனக்கு ஏதாவது நோயா? இதுவரை நான் கொடுத்த ரத்தம் யாருக்காவது கெடுதல் செய்திருக்குமா? உடன் வந்த என் கணவருக்கு இந்தச் சோதனையைச் செய்யவே இல்லையே, ஏன்? வேறு இடத்தில் சோதித்தால் முடிவு மாறுமா? நாளை என் பிள்ளைக்கே ரத்தம் தேவைப்பட்டால் நான் கொடுக்கலாமா?

பதில்: வணக்கம். முதலில் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்: இந்தத் தாள் எந்த நோயையும் காட்டவில்லை. ஆன்டிபாடி என்பது, தனக்கு அந்நியமானதை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம். ரத்த வங்கியில் அந்த ஒரே சொல் வெவ்வேறு வேலைகளுக்குப் புழங்குகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி போன்ற கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடி தென்பட்டால், அந்தக் கிருமி உடலுக்குள் வந்திருக்கக்கூடும் என்று பொருள். உங்களிடம் தென்பட்டது கிருமிக்கு எதிரானதல்ல. இன்னொரு மனிதரின் உயிரணுவுக்கு எதிரானது. அந்த இன்னொரு மனிதர் பெரும்பாலும் உங்கள் பிள்ளைதான்.

எச்எல்ஏ என்பது நம் உயிரணுக்களின் மேல் இருக்கும் புரத அடையாளங்கள். முதல் வகை அடையாளங்கள் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் தட்டணுக்களிலும் உண்டு. இரண்டாம் வகை, வெள்ளணுக்களில் சிலவற்றில்தான் இருக்கும். ஒரு பாதி அடையாளம் தாய் வழியாகவும் மறுபாதி தந்தை வழியாகவும் வருகிறது. கர்ப்ப காலத்தில், அதிலும் பிரசவ நேரத்தில், குழந்தையின் உயிரணுக்களில் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். அவற்றில் உள்ள தந்தை வழி அடையாளம் தாயின் உடலுக்குப் புதிது. அதை எதிர்க்க உடல் ஆன்டிபாடி உண்டாக்குகிறது. இது உடல் இயல்பாகச் செய்யும் வேலை. பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் இவை இருப்பதை 1958இலேயே நெதர்லாந்தில் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் தனித்தனியே கண்டறிந்தார்கள். உறுப்பு மாற்று சிகிச்சைக்குத் தேவையான திசு வகைப்பாடு வளர்ந்ததே இத்தகைய தாய்மார்களின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, வைத்துத்தான். பல பத்தாண்டுகள் அந்தச் சீரம்தான் சோதனைக்கூடங்களின் மூலப்பொருளாக இருந்தது. உங்கள் உடலில் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. வெட்கப்பட எதுவும் இல்லை.

எண்களையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் ஏறக்குறைய 8,000 கொடையாளர்களிடம் நடத்திய பெரிய ஆய்வொன்று 2009இல் வெளியானது. ஒருபோதும் கர்ப்பமாகாத பெண்களில் 1.7 சதவீதம் பேரிடம் எச்எல்ஏ ஆன்டிபாடி இருந்தது. ஒரு கர்ப்பம் கண்டவர்களில் 11.2, இரண்டு கண்டவர்களில் 22.5, மூன்று கண்டவர்களில் 27.5, நான்கும் அதற்கு மேலும் கண்டவர்களில் 32.2 சதவீதம். உங்கள் கணக்கில் மூன்று கர்ப்பங்கள். உங்களைப் போன்ற நான்கு பெண்களைச் சோதித்தால் சராசரியாக ஒருவருக்கு இதே தாள் வரும்.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்றார்கள்? உங்கள் உடலுக்குத் தொல்லை செய்யாத இந்த ஆன்டிபாடி, இன்னொருவரின் நுரையீரலுக்குள் போனால் நிலைமை வேறு. பிளாஸ்மாவை ஏற்றிக்கொள்கிற நோயாளியின் வெள்ளணுக்களில், உங்கள் ஆன்டிபாடி குறிவைக்கும் அதே அடையாளம் இருந்துவிட்டால், ஆன்டிபாடி அதில் போய் ஒட்டும். நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கிடக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு, கையிலிருக்கும் நச்சுப் பொருள்களை அங்கேயே கொட்டும். குழாய்ச் சுவர் கசியத் தொடங்கி, காற்றறைகளில் நீர் நிறையும். இதைத்தான் டிராலி என்கிறார்கள்: ரத்தமேற்றலால் வரும் கடும் நுரையீரல் பாதிப்பு.

ஏற்றி முடித்த 6 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே, மூச்சுத் திணறல் தொடங்கும். ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். மார்பு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் வெண்மை படரும். காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் விழலாம். நீர் அதிகமாக ஏறிப்போய் இதயம் திணறுவதால் வரும் மூச்சுத் திணறலும் பார்வைக்கு இதே மாதிரி இருக்கும். ஆனால் அதில் ரத்த அழுத்தம் பொதுவாக உயரும், நீர் பிரிக்கும் மருந்துக்குக் கேட்கும். டிராலியில் நீர் பிரிக்கும் மருந்து உதவாது. அழுத்தம் விழுந்திருக்கும்போது கெடுதலும் செய்யும். சிகிச்சை எளிமையானது, ஆனால் தாமதிக்க இடமில்லாதது: ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டும், ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் செயற்கை சுவாசம். பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு நாட்களில் தேறிவிடுகிறார்கள். 5 முதல் 10 சதவீதம் பேர் இறந்துபோனதாகப் பழைய தொகுப்புகள் சொல்கின்றன. ரத்தமேற்றலோடு தொடர்புடைய மரணங்களில் அமெரிக்காவில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது இதுதான். காப்பாற்றுவதற்காக ஏற்றிய பையே ஒருவரைச் சாய்த்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் உங்கள் கையிலிருக்கும் தாள்.

இது வெறும் கருத்தாக நின்றுவிடவில்லை. 2003இல் பிரிட்டன், நோயாளிகளுக்கு ஏற்றும் பிளாஸ்மாவைக் கூடியவரை ஆண்களிடமிருந்தே எடுப்பது என்று மாறியது. அங்கே டிராலி வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவிலும் 2006க்குப் பிறகு அதே வழி. அங்கே இரண்டு பெரிய மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோது, 10,000 பைகளுக்கு 2.57 ஆக இருந்த டிராலி 2009இல் 0.81 ஆக இறங்கியிருந்தது. இப்போது அங்கே விதியே இருக்கிறது: நேரடியாக ஏற்றப்படும் பிளாஸ்மாவும் முழு ரத்தமும் ஆண்களிடமிருந்தோ, கர்ப்பமே ஆகாத பெண்களிடமிருந்தோ, கடைசிக் கர்ப்பத்துக்குப் பிறகு சோதித்து எச்எல்ஏ ஆன்டிபாடி இல்லை என்று உறுதியான பெண்களிடமிருந்தோதான் வர வேண்டும்.

உங்கள் மனத்தை அதிகம் அரித்த கேள்வி, நீங்கள் ஏற்கெனவே கொடுத்த ரத்தம் பற்றியது. டிராலி வரப் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் ஒன்றுகூட வேண்டும். உங்கள் ஆன்டிபாடிக்குப் பொருந்தும் அடையாளம் அந்த நோயாளியிடம் இருக்க வேண்டும். ஆன்டிபாடி போதிய வலுவோடு, போதிய அளவில் உள்ளே போக வேண்டும். நோயாளியின் நுரையீரலும் ஏற்கெனவே தூண்டப்பட்ட நிலையில் இருக்க வேண்டும்: ரத்தத்தில் கிருமித் தொற்று, அதிர்ச்சி நிலை, பெரிய அறுவை சிகிச்சை, செயற்கை சுவாசம், உடலில் நீர் தேங்கியிருப்பது, நாட்பட்ட மதுப்பழக்கம், புகைப்பழக்கம் போன்றவை. இவை மூன்றும் சேராததால்தான், ஆன்டிபாடி உள்ள பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதில் அளவுதான் உங்களுக்கு ஆறுதல். நீங்கள் இதுவரை கொடுத்தது முழு ரத்தம். அதைப் பிரித்து எடுக்கும்போது சிவப்பணுக்கள் ஒரு பைக்கும் பிளாஸ்மா இன்னொரு பைக்கும் போகும். கெடாமல் காக்கும் சேர்ப்புக் கரைசலில் வைக்கும் சிவப்பணுப் பையில் மிஞ்சும் பிளாஸ்மா 10 முதல் 30 மில்லி மட்டுமே. பிளாஸ்மாப் பையிலோ 200 முதல் 250 மில்லி. எந்திரத்தின் மூலம் எடுக்கும் தட்டணுப் பையிலும் அதே அளவு, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். எவ்வளவு பிளாஸ்மா போகிறதோ அவ்வளவு ஆன்டிபாடி போகிறது. கொஞ்சம் பிளாஸ்மாவால் டிராலி வந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரிதாகப் பதிவாகியிருக்கிறது. வெள்ளணு ஆன்டிபாடி வலுவாக இருந்த ஒருவரின் ரத்தத்தில் 50 மில்லியை ஆரோக்கியமான ஒருவருக்கு ஏற்றிப் பார்த்தபோது, அவர் கடுமையாக நோயுற்றதை 1957இல் பிரிட்டிங்ஹாம் என்ற மருத்துவர் பதிவு செய்தார். ஆனால் அன்றாட நடைமுறையில் ஆபத்தின் பெரும்பங்கு பிளாஸ்மாவிலும் தட்டணுவிலும்தான் இருக்கிறது. ஏற்றிய பிறகு ஒரு நோயாளிக்கு டிராலி வந்துவிட்டால், அந்த மருத்துவமனை ரத்த வங்கிக்குத் தெரிவிக்கும். வங்கி அந்தப் பையின் கொடையாளரைத் தேடிக் கண்டுபிடித்துச் சோதிக்கும். உங்கள் பெயர் அப்படி வந்திருந்தால் உங்களை அழைத்திருப்பார்கள். பதிவுத் தாளைக் காட்டி, ‘என் கொடைகளின் மேல் ஏதாவது புகார் இருக்கிறதா?’ என்று நீங்களே கேட்டும் தெரிந்துகொள்ளலாம்.

‘முழு ரத்தம் கொடுக்கலாம்’ என்று எழுதியிருப்பதிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்த ரத்தத்தைப் பிரித்து, சிவப்பணுக்களை மட்டும் நோயாளிக்கு ஏற்ற வேண்டும். பிளாஸ்மாவை நேரடியாக யாருக்கும் ஏற்றாமல், ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் போன்ற மருந்து தயாரிக்க அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மா அங்கே கலக்கும்போது ஒருவருடைய ஆன்டிபாடி நீர்த்துப்போகும். பலருடைய பிளாஸ்மாவைக் கலந்து கரைப்பான் கொண்டு கிருமி நீக்கிய பிளாஸ்மாவிலும் இதே காரணத்தால் டிராலி அச்சம் ஏறக்குறைய இல்லை. பிரிக்காமல் முழு ரத்தமாகவே ஏற்றும் இடத்தில் நீங்கள் கொடுத்தால், அந்த 200 மில்லி பிளாஸ்மாவும் ஒரே நோயாளிக்குள் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறையும் தாளைக் காட்டி, பிரித்து எடுக்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள்.

கணவருக்கு ஏன் சோதிக்கவில்லை என்றால், அவர் கர்ப்பமாகவில்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன ஆய்வில், ரத்தம் ஏற்றிக்கொள்ளாத ஆண்களில் 1.0 சதவீதமும் ஏற்றிக்கொண்ட ஆண்களில் 1.7 சதவீதமும்தான் பாசிட்டிவ். ஆயிரம் ஆண்களைச் சோதித்துப் பத்துப் பேரைப் பிடிப்பதைவிட, அந்தப் பணத்தையும் உழைப்பையும் கர்ப்பம் கண்ட பெண்களிடம் செலவிட்டால் அதிகப் பயன். சில இடங்களில் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஆண்களையும் சோதிக்கிறார்கள். அது அந்தந்த வங்கியின் முடிவு. பெண்களைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனை இல்லாத சில இடங்களில், கர்ப்பம் கண்ட பெண்கள் எல்லோரையும் பிளாஸ்மா கொடுக்க வேண்டாம் என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். சோதனை இருக்கும் இடத்தில்தான் நெகட்டிவ் வந்த முக்கால்வாசித் தாய்மார்கள் தொடர்ந்து பிளாஸ்மா கொடுக்க முடிகிறது.

இங்கே ரத்த வங்கியில் பணிபுரியும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பதிவு மேசையில் ‘எத்தனை குழந்தைகள்?’ என்று கேட்டால் இந்தச் சோதனையின் அடித்தளமே ஆட்டம் காணும். கரு கலைந்தது, கலைத்தது, இறந்து பிறந்தது, பிறந்து தவறியது எதுவும் அந்தக் கேள்விக்குள் வராது. ‘இதுவரை எத்தனை முறை கர்ப்பமாகியிருக்கிறீர்கள்? பிரசவம் வரை வராததையும் சேர்த்துச் சொல்லுங்கள்’ என்பதுதான் சரியான கேள்வி. அதையும் கணவர், மாமியார், உடன் பணிபுரிகிறவர் காதில் விழாத இடத்தில் கேட்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே நீட்டிய படிவத்தில் எந்தப் பெண்ணும் தன் இழப்பை எழுத மாட்டாள். மறுமுறை வரும்போது ‘போன தடவைக்குப் பிறகு மறுபடி கர்ப்பமானதுண்டா?’ என்றும் கேட்க வேண்டும். ஆம் என்றால் பழைய நெகட்டிவ் தாள் காலாவதியாகிவிட்டது. புதிய மாதிரி எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது, வேறு இடத்தில் சோதித்தால் மாறுமா என்பது. மாறலாம். ஏன் என்று புரிந்துகொண்டால், மாறினாலும் அது உங்களுக்கு உதவாது என்பதும் புரியும்.

இப்போது பரவலாகச் செய்வது மணிமுறை. கண்ணுக்குத் தெரியாத, வெவ்வேறு நிறச் சாயம் ஏற்றிய நுண்மணிகளின் மேல் பல மனிதர்களின் எச்எல்ஏ புரதங்களைப் பூசி வைத்திருப்பார்கள். உங்கள் சீரத்தில் 20 மைக்ரோலிட்டரை 5 மைக்ரோலிட்டர் மணிக் கலவையோடு சேர்த்து, வெளிச்சம் படாமல் அறை வெப்பத்தில் அரை மணி நேரம் வைப்பது வழக்கமான ஒரு முறை. சோதனைப் பெட்டியைத் தயாரிக்கும் நிறுவனத்தைப் பொறுத்து அளவு மாறும். ஆன்டிபாடி இருந்தால் பொருந்தும் மணியில் ஒட்டிக்கொள்ளும். மூன்று முறை கழுவி ஒட்டாததை அகற்றி, ஐஜிஜி வகை மனித ஆன்டிபாடியில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, மீண்டும் அரை மணி நேரம் வைத்துக் கழுவி, லூமினெக்ஸ் கருவியில் மணி மணியாக ஒளியை அளப்பார்கள். பழைய எலைசா முறையில் மணிக்குப் பதிலாகத் தட்டின் குழிகள். மலிவு, ஆனால் நுட்பம் சற்றுக் குறைவு.

இந்த முறை தரும் விடை ஓர் எண். ‘இருக்கிறது, இல்லை’ என்று அது தானாகச் சொல்லாது. எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்று கோடு போடுவது சோதனைக்கூடத்தின் முடிவு. கோட்டைத் தாழ்த்தினால் ஆபத்தில்லாத நலிந்த ஆன்டிபாடிக்காகவும் நல்ல கொடையாளர்களை இழப்போம். உயர்த்தினால் ஆபத்தானதும் நழுவலாம். டிராலியை உண்டாக்கிய பைகளை ஆராய்ந்தபோது, இரண்டாம் வகை அடையாளத்துக்கு எதிரான வலுவான ஆன்டிபாடி நோயாளியின் அடையாளத்தோடு பொருந்துவதுதான் தெளிவான ஆபத்தாக வெளிப்பட்டது. ஆகவே நடுத்தரத்துக்குச் சற்று மேலான கோடு போதும் என்பது என் கருத்து. ஆனால் ஒரு கோட்டைப் போட்டபின் ஆளுக்கு ஆள் அதை நகர்த்தக் கூடாது.

தவறு நேரும் இடங்களும் உண்டு. கழுவுவது போதாமல் போனால் பின்னணி ஒளி உயர்ந்து பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். புரதம் பூசாத வெற்று மணியின் எண்ணைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். மணியின் மேல் பூசும்போது புரதத்தின் வடிவம் குலைந்திருந்தால், இயற்கையில் ஒட்டாத ஆன்டிபாடியும் அதில் ஒட்டும். கர்ப்பமோ ரத்தமேற்றலோ காணாத சிலருக்குப் பாசிட்டிவ் வருவதற்கு இது ஒரு காரணம். இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் வஞ்சகமானது: ஆன்டிபாடி மிக வலுவாக இருக்கும்போது, சீரத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்கள் மணியின் மேல் குவிந்து சாயம் ஒட்டவிடாமல் மறைத்துவிடும். மிக வலுவான மாதிரி நலிந்ததுபோலத் தெரியும். அந்தப் புரதங்களை முடக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளைச் சீரத்தில் சேர்த்தோ, பத்து மடங்கு நீர்த்தோ மறுபடி பார்த்தால் உண்மையான எண் எழும்பி வரும். மூன்று நான்கு கர்ப்பம் கண்ட ஒருவருக்கு எண் எதிர்பாராமல் தாழ்ந்திருந்தால் இதைச் செய்யாமல் நெகட்டிவ் என்று எழுதக் கூடாது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நியூட்ரோபில்களில் இருக்கும் எச்என்ஏ அடையாளங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளும் உண்டு. அவற்றில் எச்என்ஏ-3ஏ வகைக்கு எதிரானது உயிர்பறித்த டிராலிகளோடு தொடர்புடையது. அதை உறுதியாகக் கண்டுபிடிக்க வகை தெரிந்த கொடையாளர்களின் புதிய நியூட்ரோபில்கள் வேண்டும். எடுத்த சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும் வேண்டும். ஆகவே எல்லோருக்கும் செய்ய முடிவதில்லை. டிராலி வந்த பிறகு விசாரணையில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். எச்எல்ஏ நெகட்டிவ் வந்தாலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இதுவும் காரணம்.

ஆகவே நீங்கள் இன்னொரு வங்கிக்குப் போனால், அவர்கள் கோடு சற்று மேலே இருந்து நெகட்டிவ் வரலாம். காலப்போக்கில் ஆன்டிபாடி குறைந்தும் இருக்கலாம். சிலருக்குக் குறையும், சிலருக்குப் பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால் உங்கள் உடல் அந்த அடையாளத்தை ஒருமுறை கற்றுக்கொண்டது. முந்தைய தாளை மறைத்துவிட்டு நெகட்டிவ் தேடி அலைவதால், நல்லது செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணமே திசைமாறிப் போகும். ஐயம் இருந்தால் அதே வங்கியில், அதே முறையில், புதிய மாதிரி கொடுத்துக் கேளுங்கள். அது நியாயமான கோரிக்கை.

தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதில் ‘ஆன்டிபாடி ஸ்கிரீன்’ என்று இன்னொரு வரி இருந்து, அங்கே ‘நெகட்டிவ்’ என்று இருக்கலாம். முரண்பாடு என்று நினைக்க வேண்டாம். அது சிவப்பணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிக்கான சோதனை. ஜெல் அட்டையில் 0.8 சதவீதச் சிவப்பணுக் கலவை 50 மைக்ரோலிட்டர், உங்கள் பிளாஸ்மா 25 மைக்ரோலிட்டர் சேர்த்து, 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, 10 நிமிடம் சுழற்றுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் சிவப்பணுக்கள் கொத்தாகி ஜெல்லின் மேலேயே தங்கும். இல்லையென்றால் அடியில் போய்ப் பொட்டாக உட்காரும். இங்கே பாசிட்டிவ் வந்தால் பிளாஸ்மாவை ஏற்றினால் நோயாளியின் சிவப்பணு சிதையலாம். உங்கள் ரத்த வகை நெகட்டிவாக இருந்து, கர்ப்ப காலத்தில் அதற்காக ஆன்டி-டி என்ற ஆன்டிபாடி ஊசி போட்டிருந்தால், அந்த ஊசியின் ஆன்டிபாடியே சில மாதங்கள் இந்தச் சோதனையில் தலைகாட்டும். அப்போது ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிட்டால் வீண் கலக்கம் மிச்சம்.

இனி உங்களைப் பற்றி. இந்த ஆன்டிபாடிக்கு மருந்து வேண்டாம், பத்தியம் வேண்டாம். மறுபடி கர்ப்பமானாலும் எச்எல்ஏ ஆன்டிபாடியால் குழந்தைக்குப் பொதுவாகத் தீங்கு இல்லை. நஞ்சுக்கொடியே அதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். தாய்ப்பால் கொடுப்பதற்கும் தடை இல்லை. ஆனால் மூன்று இடங்களில் இந்தத் தகவல் உங்களுக்குப் பயன்படும். உங்கள் மருத்துவக் கோப்பில் அந்தத் தாளின் நகலை வைத்து, அதில் முதல் வகையா, இரண்டாம் வகையா, எந்த முறையில் சோதித்தார்கள், தேதி என்ன என்பவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, என்றாவது உங்களுக்கே தட்டணு ஏற்ற வேண்டி வந்தால், முதல் வகை அடையாளத்துக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்றிய தட்டணுக்களை உடனே அழித்துவிடலாம். ஏற்றி முடித்த 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிக்கை எடுக்கச் சொல்லுங்கள். அப்போதே உயரவில்லை என்றால் ஆன்டிபாடிதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எச்எல்ஏ பொருந்தும் கொடையாளரைத் தேட வேண்டும். ஒரு மணி நேரத்தில் உயர்ந்து, மறுநாள் விழுந்தால் காய்ச்சல், கிருமித் தொற்று, மண்ணீரல் வீக்கம் போன்றவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவது, சிவப்பணு ஏற்றும்போது வெள்ளணு நீக்கிய பையைக் கேளுங்கள். குளிர்காய்ச்சல் வருவது குறையும். மூன்றாவது, உறுப்பு மாற்று. சிறுநீரகம் போன்ற உறுப்பு தேவைப்படும் நிலை வந்தால், உங்கள் ஆன்டிபாடி உருவானதே கணவரின் அடையாளங்களைப் பார்த்து என்பதால், கணவரும் பிள்ளைகளும் கொடுக்கும் உறுப்பு பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. முதல் நாளிலேயே இந்தத் தாளைக் காட்டினால் சோதனைகள் சரியான திசையில் நடக்கும்.

கடைசியாகப் பிள்ளைக்குக் கொடுப்பது. தாய் கொடுப்பதைவிடப் பாதுகாப்பானது என்ன இருக்கிறது என்று மனம் சொல்லும். ரத்தத்தில் அது பொருந்தாது. உங்கள் ஆன்டிபாடி எந்த அடையாளத்தைக் குறிவைத்து உருவானதோ, அதே அடையாளத்தைத் தந்தையிடமிருந்து வாங்கிவந்த உடல் உங்கள் பிள்ளையுடையது. பிற நோயாளிகளிடம் அந்தப் பொருத்தம் தற்செயலாக அமைய வேண்டும். உங்கள் பிள்ளையிடம் அது பெரும்பாலும் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. உங்கள் பிளாஸ்மாவோ, பிளாஸ்மாவில் மிதக்கும் தட்டணுவோ உலகத்தில் வேறு யாரைக் காட்டிலும் உங்கள் பிள்ளைக்கு ஏற்றவே கூடாது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: பிறந்த குழந்தையின் தட்டணுக்களைத் தாயின் ஆன்டிபாடி அழிக்கும் ஓர் அரிய நோயில், தாயின் தட்டணுக்களைப் பிளாஸ்மா போகக் கழுவி, கதிர்வீச்சுக்கு உட்படுத்தி ஏற்றுவார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் சிறப்பு மருத்துவர்.

ரத்த உறவினர் யாருடைய ரத்தமானாலும், நெருங்கிய எச்எல்ஏ ஒற்றுமையால் கொடையாளரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலிலேயே தங்கிப் பெருகி, அவர் உறுப்புகளைத் தாக்கும் கொடிய நிலை வரலாம். வந்தால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. அதனால் உறவினர் பையைக் குறைந்தது 25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்ற வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வாய்ப்புள்ள பிள்ளை என்றால் குடும்பத்தார் ரத்தத்தையே தவிர்க்க வேண்டும். உங்களுக்கு ரத்தம் தேவைப்பட்டாலும், கணவரின் தட்டணுக்கள் முதல் தேர்வாக இருக்கக் கூடாது. உங்கள் ஆன்டிபாடிக்கு நன்கு தெரிந்த அடையாளங்கள் அவை.

பிள்ளைக்கு அவசரம் வந்தால் ரத்த வங்கியின் இருப்பிலிருந்து முறைப்படி சோதித்த பையை எடுக்கச் சொல்லுங்கள். அந்த வங்கியின் இருப்பு குறையாமல் இருக்க, உங்கள் முறை வரும்போது போய், தாளைக் காட்டி, பிரித்து எடுக்கும் முழு ரத்தமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் சிவப்பணுக்கள் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குப் போகட்டும்.